முதலில் மெத்தனால், பிறகு சோப்பு: தண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றில் தண்ணீர் வாஷ் இல்லாத பயோடீசல்

பின்னணி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் ஜெனரேட்டர் ரிப்பேர் பட்டறை இருக்கிறது. நடத்துகிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பாலிடெக்னிக்கில் என்னிடம் வேதியியல் படித்தவர். கூட வேலை பார்ப்பது அவருடைய அக்கா மகன், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன். பட்டறைக்குப் பின்பாதியில் குடும்பத்தின் பழைய தொழில், பெயிண்ட் தின்னர் கலப்பது, இன்னும் சின்ன அளவில் நடக்கிறது.

ரிப்பேருக்கு வரும் ஜெனரேட்டரை லோடு போட்டு மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை. தெருமுனையில் பஜ்ஜிக் கடை, மீன் வறுவல் தள்ளுவண்டி, அத்தோ கடை என்று எண்ணெய்ச் சட்டி காயாத நேரமே கிடையாது. பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேரும் சிதைவுப் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி சமைக்கக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்த எண்ணெயை வாங்கிப் பயோடீசல் செய்து, டீசலோடு 20 சதவீதம் கலந்து, பட்டறையின் சொந்தச் சோதனை ஓட்டத்துக்கு மட்டும் எரிப்பது என்று 2024 மார்ச்சில் தொடங்கினார்கள். விற்பனை கிடையாது.

எண்ணெயைப் பயோடீசலாக மாற்ற மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் வேண்டும். அந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். தின்னர் தொழிலுக்காக இந்தக் குடும்பத்திடம் உரிமம் இருந்தது. பயோடீசலையும் பயன்பாட்டில் எழுதிச் சேர்த்த பிறகுதான் முதல் லிட்டரைத் தொட்டார்கள். உரிமம் இல்லாத வீட்டில் இந்த வேலையைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியோடு நின்றுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தடவைக்கு 50 லிட்டர் எண்ணெய், 10 லிட்டர் மெத்தனால். எதிர்வினையைத் தூண்டும் காரமான பொட்டாசியம் ஹைட்ராக்சைடை, எண்ணெயின் அமிலத்தை டைட்ரேட் செய்து (சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு அளந்து) பார்த்து நிறுப்பார்கள். எண்ணெயிலுள்ள அமிலத்தோடு இந்தக் காரம் சேரும்போது கொஞ்சம் சோப்பும் உண்டாகும். 55 டிகிரியில் இரண்டு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் கிளிசரின் கருப்பட்டிப் பாகு நிறத்தில் அடியில் நிற்கும். 27 மி.லி. மெத்தனாலில் மேலே நிற்கும் பயோடீசலை 3 மி.லி. விட்டுக் குலுக்கினால் அடியில் எண்ணெய் எதுவும் தங்கவில்லை. எண்ணெய் மாறிவிட்டது என்று அர்த்தம். சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீர் வாஷை நிறுத்தியது

பயோடீசலில் மிஞ்சும் சோப்பையும் மெத்தனாலையும் நீக்கத் தொடக்கத்தில் எல்லோரையும் போலத் தண்ணீர் ஊற்றித்தான் கழுவினார்கள். ஒரு தடவை செய்ததற்கு மூன்று வாஷ், வாஷுக்கு 20 லிட்டர். முதல் வாஷில் கொஞ்சம் வேகமாகக் கலக்கிவிட்டால் எல்லாம் கெட்டித் தயிராகத் திரண்டுவிடும். பிரிய இரண்டு நாள் ஆகும். பிரிந்த பிறகும் ஈரம் போகச் சூடாக்க வேண்டும். கடற்காற்று வீசுகிற ஊரில் அது லேசில் தெளியாது.

ஆனால் நிறுத்தியதற்குக் காரணம் இது இல்லை. கழுவிய தண்ணீரில் சோப்பும் மெத்தனாலும் மிச்சக் காரமும் இருக்கும். அதை வாசல் கால்வாயில் விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து, எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படகும் வலையும் கறுத்துப் போனதை இந்தப் பக்கத்து ஜனம் மறக்கவில்லை. எதிர்வீட்டில் மீன் விற்கிற அம்மா ஒருநாள் கால்வாயில் வெள்ளை நுரையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "எண்ணூர்ல பட்டது பத்தாதா தம்பி, எங்க வாசல்லயும் ஊத்தணுமா?"

அன்று மாலையே உரிமையாளர் எனக்குப் போன் செய்தார். "சார், தண்ணி இல்லாம கழுவ முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அந்த அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. பொது வாய்க்காலில் விடுகிற தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் இதைச் சுத்தமான எரிபொருள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முதல் முயற்சி: மரத்தூள்

சோப்பையும் கிளிசரினையும் மரத்தூள் பிடித்துக்கொள்ளும் என்பதால், மரவாடியிலிருந்து காய்ந்த மரத்தூள் வாங்கினார்கள். பசை கலந்திருக்கும் என்பதால் பிளைவுட் தூளை மட்டும் ஒதுக்கினோம். ஒன்றே கால் அடி அகலமுள்ள பழைய எவர்சில்வர் உருளையில் தூளை இறுக்கி நிரப்பி, கிளிசரினை இறக்கிய கையோடு பயோடீசலை மேலே விட்டார்கள். கீழே வந்தது தேன் நிறம். பாட்டிலில் பிடித்துப் பின்னால் தினத்தாளை வைத்தால் எழுத்து துல்லியமாகத் தெரிந்தது. மூன்று தடவை செய்ததை அப்படியே டீசலில் கலந்து ஓட்டினார்கள்.

மூன்றாவது வாரம் ஜெனரேட்டரின் சத்தம் சீராக இல்லை, ஏறி ஏறி இறங்கியது. ஃபில்டரைக் கழற்றினால் மடிப்புகளில் வெளிர்பழுப்பாக ஒரு பூச்சு. பையன் அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, எதற்கும் என்று குழாயடியில் கழுவினான். கைநிறைய நுரை வந்தது. "மாமா, இங்க வந்து பாரேன், ரின்னு போட்ட மாதிரி நுரைக்குது!" அவன் கத்தியது எனக்குப் போனிலேயே கேட்டது. ஃபில்டரை அடைத்திருந்தது சோப்பு.

கண்ணுக்கு இவ்வளவு தெளிவாக இருந்த எரிபொருளில் சோப்பு எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. பதில் பட்டறை அலமாரியில் இருந்தது. பையன் ஒவ்வொரு தடவையும் இரண்டு பாட்டில் சாம்பிள் எடுத்து வைப்பான். ஒன்றின் மூடி தொலைந்து நான்கு நாளாகத் திறந்தே கிடந்தது. மூடிய பாட்டில் பளிங்காக இருந்தது. திறந்த பாட்டிலின் அடியில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஜெல்லி இறங்கியிருந்தது. ஒரே நாளில், ஒரே குழாயில் பிடித்த சாம்பிள்கள் இரண்டும். திறந்த பாட்டிலிலிருந்து ஆவியாகிப் போனது மெத்தனால். மெத்தனால் இருக்கிற வரைக்கும் சோப்பும் கிளிசரினும் பயோடீசலில் கரைந்தே நிற்கும். கரைந்திருப்பதை மரத்தூள் பாதிகூடப் பிடிக்காது. வேலையை நாங்கள் தலைகீழ் வரிசையில் செய்திருந்தோம்.

சோப்பை அளந்தது

இனி கண்ணை நம்புவதில்லை என்று முடிவு செய்தோம். அளக்கும் முறை எளிது. 10 கிராம் பயோடீசலை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, சில சொட்டு புரோமோஃபீனால் நீலம் விட்டு, 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும் இடம் முடிவு. வெறும் ஆல்கஹாலுக்குச் செலவாகும் அமிலத்தைக் கழித்துவிட வேண்டும். சோப்பு முழுவதையும் பொட்டாசியம் ஓலியேட் என்ற ஒரே வகைச் சோப்பாக எடுத்துக்கொண்டால், செலவான ஒவ்வொரு மி.லி.க்கும் கிலோவுக்குச் சுமார் 320 மி.கி. சோப்பு.

கிளிசரினை இறக்கிய உடனே எடுத்த சாம்பிளுக்கு 9.5 மி.லி. பிடித்தது. கிலோவுக்கு 3000 மி.கி.க்கு மேல். மரத்தூளைத் தாண்டி வந்ததற்கும் 6 மி.லி. பிடித்தது, அதாவது 1900. பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607-ன்படி சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 5 மி.கி. பொட்டாசியத்தைச் சோப்பாகக் கணக்கிட்டால் 41 மி.கி. வரும். நாங்கள் நின்ற இடத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் இடையில் இருந்த தூரத்தை அந்த ஒரு கணக்கு காட்டியது.

மெத்தனாலை எடுத்த முறை

பையன் முதலில் சொன்ன யோசனை: டிரம்மைச் சூடாக்கி, மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதி, மெத்தனாலை ஷெட்டுக்குள் ஆவியாக விட்டுவிடலாம். நான் கண்டிப்பாக மறுத்தேன். மெத்தனாலின் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை, 11 டிகிரி. சென்னையில் எந்த நாளும், எந்த நேரமும் அதைவிடச் சூடு. பக்கத்திலேயே வெல்டிங் நடக்கிற பட்டறை அது. மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலைகூடத் தெரியாது. மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் நஞ்சு. கண்பார்வையே போய்விடும்.

இன்னொரு காரணமும் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு மெத்தனாலைக் காற்றில் போய்விட்டது என்று கணக்குச் சொல்ல யாருக்கும் மனசு வரக் கூடாது. வாங்கியது, எதிர்வினையில் போனது, திரும்பப் பிடித்தது என்று மூன்றும் இருப்புப் புத்தகத்தில் தனித்தனியாக ஏற வேண்டும் என்று முடிவு செய்தோம். பிடித்த மெத்தனால் பூட்டிய அலமாரிக்குப் போகும். அடுத்த தடவைக்கு அதுவே முதலில் செலவாகும்.

ஆகவே மூடிய ஸ்டீல் டிரம், வெளிப்பக்கம் சுற்றிய மின்சூடாக்கி, தீப்பொறி வராத மோட்டார், ஆவியை மறுபடி திரவமாக்கக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் கண்டென்சர், சின்ன வெற்றிட பம்பு. பம்பின் வாய் கூரைக்கு மேலே வெளியே. வெற்றிடம் இருந்ததால் 80 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கவில்லை. சூடாக்கும் முன் கிளிசரினைக் கடைசிச் சொட்டு வரை இறக்கிவிட வேண்டும். காரத்தோடு கிளிசரினும் மிச்சம் இருக்க மெத்தனாலை மட்டும் எடுத்தால் எதிர்வினை பின்னோக்கித் திரும்பத் தொடங்கும். 50 லிட்டருக்கு 1.3 லிட்டர் மெத்தனால் கண்டென்சரில் வந்தது. இதைவிட அதிகம் கிளிசரினோடு போய்விடுகிறது. அதிலிருந்தும் இதே டிரம்மில் பிறகு எடுத்தார்கள்.

மெத்தனால் போன பயோடீசல் ஆறியதும் கலங்கியது. பார்த்தால் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். ஐந்து நாள் அசைக்காமல் வைத்தோம். அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பழுப்பு ஜெல்லி இறங்கியது. அதை விலக்கிவிட்டு மேலே இருந்ததை அளந்தால் 2 மி.லி., அதாவது 640. வெறும் காத்திருப்பில் 3000 என்பது 640 ஆனது. அதே மரத்தூள் உருளையில் இப்போது விட்டபோது 0.6 மி.லி., 190-க்குப் பக்கம். தூள் புதிதும் இல்லை, உருளை மாறவும் இல்லை. வரிசை மட்டும் மாறியது.

கோணி மூட்டை

ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்த மரத்தூளைக் கோணியில் அடைத்து மூலையில் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் ஷெட் முழுக்க வார்னிஷ் வாசனை. பையன் கோணிக்குள் கையை விட்டு உடனே உருவிக்கொண்டான். மேலே சாதாரணமாக இருந்தது, நடுவில் கை வைக்க முடியாத சூடு. பிரித்துக் கொட்டியபோது நடுத்தூள் காப்பிப்பொடி நிறத்துக்குக் கறுத்திருந்தது.

எண்ணெய் ஊறிய தூள் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது சூடு பிறக்கும். தூளைக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே பற்றிக்கொள்ளும். எண்ணெய்த் துணிகளை மூட்டையாகக் கட்டி வைக்கக் கூடாது என்று பெயிண்ட் அடிப்பவர்கள் சொல்வது இதனால்தான். பக்கத்து அறைதான் மெத்தனால் இருந்த இடம். இந்த ஆய்வில் நான் அதிகம் பயந்தது அந்தக் காலையில்தான். தூள் வேலை முடிந்ததும் அதை எப்படி வைப்பது என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்த தூள் நேராக மூடியுள்ள இரும்பு டப்பாவுக்குப் போகிறது, தண்ணீரில் நனைத்து, வாசலுக்கு வெளியே. இரவு தங்குவதில்லை.

கடைசிப் படி: ரெசின்

190-ஐ 41-க்குக் கீழே கொண்டுவர அயனி மாற்று ரெசின் வாங்கினார்கள். "நேரா ரெசின்லயே விட்டுட்டா இந்த மரத்தூள் தொல்லையே இல்லையே சார்?" என்று உரிமையாளர் கேட்டார். நல்ல கேள்வி. ரெசின் சோப்பை அப்படியே பிடித்து வைப்பதில்லை. சோப்பிலுள்ள பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. சோப்பு கொழுப்பமிலமாக மாறி எரிபொருளிலேயே தங்கிவிடும். 1000 மி.கி. சோப்பு இப்படி மாறினால் அமில எண் (எரிபொருளில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதன் அளவு) சுமார் 0.18 கூடும். தர வரம்பு 0.50. 3000-ஐ நேராக ரெசினில் விட்டால் அதிலேயே 0.53 ஏறிவிடும். சோப்புக் கணக்கில் தேறி அமிலக் கணக்கில் தோற்றுவிடுவோம். மேலும் கிளிசரின் ரெசின் மணிகளைப் போர்த்திக்கொள்ளும், விலை உயர்ந்த ரெசின் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

190-ல் உள்ளே விட்டபோது அமில எண் 0.28-லிருந்து 0.31-க்குத்தான் போனது. சோப்பு 0.1 மி.லி.க்குக் குறைவு, 30 மி.கி.க்குப் பக்கம். செப்டம்பரில் மாட்டிய புது ஃபில்டரை ஜனவரியில் கழற்றிப் பையன் குழாயடியில் கழுவினான். மிச்ச டீசல் படலம் மிதந்தது, நுரை இல்லை.

சேமிப்பு: மழைக்காலம்

இங்கேதான் மறுபடி தவறினோம். தண்ணீரே சேர்க்காமல் செய்ததால் ஈரத்தைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்துவிட்டோம். பயோடீசல் டீசலைவிட வெகுவாக ஈரம் இழுக்கும். கிலோவுக்கு 1000 மி.கி.க்கு மேல்கூடத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நிற்கும். வரம்போ 500.

அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம். ஒன்று கழுத்து வரை நிரப்பி, ஸ்டீல் வால்வு மாட்டி, தரைத்தளத்தில் நிழலில். இன்னொன்று இடமில்லாமல் மாடியில், தகரக் கூரைக்குக் கீழ், பாதி நிரப்பி. அதற்குக் கிடைத்தது ஹார்டுவேர் கடைப் பித்தளைக் குழாய். ஏழு வாரம் கழித்து, வடகிழக்குப் பருவமழை நடுவில், இரண்டையும் திறந்தோம்.

கீழ் டிரம்: தெளிவு, அமில எண் 0.33. மாடி டிரம்: குழாய் திருகாணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, மூடியைத் திறந்ததும் பழைய பெயிண்ட் வாசனை, அமில எண் 0.52. அடியிலிருந்து பிடித்த ஒரு டம்ளரில் கீழே கோலிக்குண்டு அளவுக்குத் தண்ணீர், அதன் விளிம்பில் சளி போல நூல்நூலாக நுண்ணுயிர். மேலிருந்து எடுத்த சொட்டைச் சூடான தகட்டில் விட்டால் சடசடவென்று வெடித்தது, அதிலும் தண்ணீர் இருந்தது என்று அர்த்தம்.

டிரம் பாதி காலியாக இருந்தால் அது மூச்சு விடும். பகல் வெயிலில் உள்காற்று விரிந்து வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் ஈரக் கடற்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் சுவரில் வியர்த்து அடியில் சேரும். பித்தளையிலுள்ள செம்பும் துத்தநாகமும் ஆக்சிஜனேற்றத்தை வேகப்படுத்திவிடும். செம்பு, பித்தளை, துத்தநாகம், ஈயம் பயோடீசலுக்கு ஆகாது. ஸ்டீல், அலுமினியம், நல்ல அடர்த்தியான பாலிஎத்திலீன் ஆகும். சாதாரண ரப்பர் குழாய் உப்பிப் போகும். ஜெனரேட்டரின் பழைய ரப்பர் குழாய்களையும் ஃபுளோரோ ரப்பராக மாற்றினார்கள்.

ஒரு விஷயம் இந்த ஊருக்கும் இந்த எண்ணெய்க்கும் சாதகம். இங்கே பஜ்ஜிச் சட்டியில் பெரும்பாலும் பாமாயில். குளிர் நாடுகளில் பாமாயில் பயோடீசல் உறைந்து தொல்லை கொடுக்கும். சென்னையின் மார்கழிக் காலைக்கு அந்தக் கவலை கிடையாது. சூரியகாந்தி, சோயா எண்ணெயில் செய்ததைவிட அது மெதுவாகவே கெடும். அதை நம்பித்தான் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்க்காமல் விட்டோம். பித்தளைக் குழாய் முன்னால் அந்தச் சாதகம் ஏழு வாரம்கூடத் தாங்கவில்லை.

மாடி டிரம்மின் எண்ணெயை ஜெனரேட்டரில் விடவில்லை. அடித்தண்ணீரைப் பிரித்து, பயோடீசலைத் தனியாக வைத்து, இரும்புச் சாமான்களில் கிரீஸ் கழுவப் பயன்படுத்தினார்கள். நூல் படிந்த டிரம்மை மறுபடி எரிபொருளுக்கு எடுக்கவில்லை.

மறுபடி செய்தால்

மாடி டிரம்மில் குழாய், காலியிடம், வெயில் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியது ஆய்வாகப் பார்த்தால் தவறு. அடுத்த மழைக்காலத்துக்கு ஒரே இடத்தில், ஒரே அளவு நிரப்பி, ஒன்றில் மட்டும் பித்தளைத் துண்டு போட்ட இரண்டு ஐந்து லிட்டர் கேன்களை வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒரு முறை பையன் அமில எண் எடுத்து எழுதுவான்.

உற்பத்தி இப்போது தேவைக்குத் தக்கபடி. இரண்டு மாதத்துக்கு மேல் எதுவும் டிரம்மில் நிற்பதில்லை. 200 லிட்டர் டிரம்மைப் பாதியில் வைப்பதற்குப் பதில் 20 லிட்டர் கேன்களில் விளிம்பு வரை நிரப்புகிறார்கள். ஒவ்வொரு கேனிலும் பேனாவால் நான்கு குறிப்புகள்: செய்த தேதி, சோப்பு, அமில எண், தகட்டில் சொட்டு வெடித்ததா இல்லையா. மரத்தூள் படிக்கு முன்னால் சோப்பு 700-க்கு மேல் இருந்தால் மேலும் மூன்று நாள் காத்திருப்பு. அவசரத்துக்கு ரெசினை நம்புவதில்லை.

கிளிசரினிலிருந்து மெத்தனாலை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகை மூடிய கேனில் சேர்த்து, எண்ணெய்க் கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுக்கிறார்கள். வாசல் கால்வாய்க்குப் போவது பட்டறையின் கை கழுவிய தண்ணீர் மட்டும்தான். மார்ச்சில் நான் போனபோது எதிர்வீட்டு அம்மா, கண்டென்சர் தண்ணீர் எங்கே போகிறது என்று பையனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அது வெளியே போவதே இல்லை, அதே பக்கெட்டில் சுற்றுகிறது என்று அவன் பக்கெட்டைத் திறந்து காட்டினான்.